குளிரில் விட்டுவிடும் கொளுக்கி

துவக்கைத் தொடமாட்டேன் என்று நான் சொன்னபோது வீட்டுக்கார அன்ரி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, இறந்துபோன கணவரின் வேட்டைத் துவக்கை அதன்மேல் வைத்துவிட்டு, வந்து பார் என்று தலையை அசைத்தார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கமாகப் பின்வாங்கினேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, குளிர் தொடங்கிவிட்ட காலம். ஜெர்மனியில், வுப்பர்டாலில் இருந்து பஸ் மாறி மாறிப் போகவேண்டிய ஒரு மலைக் கிராமம். அங்கே பழைய விடுதி ஒன்றின் மேல்மாடியை அகதிகளுக்கென்று வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேலே நாங்கள், கீழே சாப்பாட்டுக்கூடம், அதன் பின்னால் அன்ரியின் சமையலறை. என் அறையில் என்னைவிட மூத்த ஓர் அண்ணையும் இருந்தார். ஊரில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். எனக்கு முதலே வந்து, தொலைக்காட்சி பார்த்துப் பார்த்தே டொச், அதாவது ஜெர்மன் மொழி, பிடித்தவர். அந்த வீட்டில் யாருக்கும் யாரோடும் கதைக்க வேண்டுமென்றால் இடையில் அவர் நிற்பார். சொல்லாததையும் சேர்த்துச் சொல்வார்.

எனக்கு அகதி விசாரணைக்கு டெர்மின், வரச்சொல்லிக் குறித்த நாள், வந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எழும்புவேன், எழும்பினால் எங்கே போவது என்று தெரியாமல் படியில் நிற்பேன். வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே நான் அதிகாரிகளிடம் சொல்லியிருந்த ஒரு விஷயம், என் வாழ்நாளில் ஆயுதம் எதையும் கையால் தொட்டதில்லை என்பது. அது உண்மை. என்னிடம் இருந்த உறுதியான உண்மை அது ஒன்றுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. மற்றவை எல்லாம், எந்த மாதம் ஓடினோம், எந்தக் கோயிலில் படுத்தோம், யார் முதலில் வெளிக்கிட்டது என்பவை எல்லாம், கேட்கிறவர் புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலே எனக்குக் குழம்பிவிடும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தோட்டத்துக்கு இறைக்கிற நீர்ப்பம்புகளைத் திருத்தும் பட்டறைக்குப் போனவன். ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரன் ஒருவன் என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கைக் காய்ப்பைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, இது என்னத்தால் வந்தது என்று கேட்டான். ஸ்பானரால் வந்தது. அதை அவன் நம்பும்வரை வெயிலில் முழங்காலில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவனின் காய்ப்பு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவனை லொறியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு என் கை எதைத் தொடுகிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கண்.

"அண்ணை, அவவுக்குச் சொல்லுங்கோ. எனக்கு ஏலாது. டெர்மின் இருக்கு."

"டேய், அவ உன்னைச் சுடச் சொல்லேல்லை. பார்க்கத்தான் சொல்லுறா."

"பார்க்கிறது வேற, தொடுறது வேற."

"அப்ப பாரன்! கண்ணுக்கும் டெர்மின் வேணுமே?"

அன்ரி என்னைத் தேடியதற்குக் காரணம், அவருடைய பாண் வெட்டும் மெசினை நான் திருத்திக் கொடுத்தது. எங்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. ஆனால் சும்மா இருக்கிறவனுக்குக் கை ஊறும் அல்லவா? உருளைக்கிழங்கு உரிப்பேன், சட்டி தேய்ப்பேன். அன்ரி ஒரு கோப்பை சூப் தருவார். அதற்கு வேலை என்று நாங்கள் இருவரும் பெயர் வைக்கவில்லை.

துவக்கின் கதையை அண்ணை இப்படிச் சொன்னார். கணவர் செத்த பிறகு, அவர் குத்தகைக்கு எடுத்திருந்த காட்டை அன்ரி விடவில்லை. பரீட்சை எழுதி, வேட்டைக்கான அனுமதிப் பத்திரம் எடுத்து, தானே போகிறார். ஊரிலுள்ள மற்ற வேட்டைக்காரர்கள், எல்லாரும் ஆம்பிளைகள், துவக்கை வித்துப்போட்டுக் கோழி வளர்க்கச் சொல்லிப் பகிடி பண்ணுகிறார்கள். போன கிழமை ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டார். சூடு சரியாகப் படவில்லை. இரண்டாவது வெடி வைக்க, குழலின் பின்வாயை மூடித் திறக்கிற போல்ட்டை இழுத்தால் போல்ட் மட்டும் வந்தது. வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோது குழலுக்குள்ளேயே இருந்துவிட்டது. பன்றி காயத்தோடு பற்றைக்குள் போய்விட்டது. நாயைக் கொண்டு தேடிப் பிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டதாம்.

இதைச் சொல்லும்போது அன்ரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. சனிக்கிழமை எல்லாரும் கூடிப் போகும் பெரிய வேட்டை இருக்கிறது. அதிலும் இப்படி நடந்தால், அந்த ஆம்பிளைகளுக்கு நடுவில் அவரால் நிற்க முடியாது.

"பட்டணத்தில துவக்குத் திருத்திற கடைக்காரனிட்டக் குடுத்தவவாம்," என்றார் அண்ணை. "அவன் பார்த்துப்போட்டு ஒரு பிழையும் இல்லை எண்டு திருப்பிக் குடுத்திட்டானாம். மெதுவா இழுத்திருப்பியள், பொம்பிளைக் கையெல்லோ எண்டானாம்."

எனக்கு அந்த இடத்தில்தான் சனியன் பிடித்தது. பிழையில்லை என்று சொல்லித் திரும்பி வருகிற மெசின் என்றால் எனக்குப் பொறுக்காது. பம்புகளும் அப்படித்தான். தோட்டத்தில் அடம்பிடிக்கும், பட்டறைக்கு வந்ததும் நல்ல பிள்ளையாக ஓடும்.

"அண்ணை, முதல்ல உள்ளுக்கை தோட்டா இல்லை எண்டு பார்க்கச் சொல்லுங்கோ."

அன்ரி போல்ட்டைத் திறந்து காட்டினார். காலி.

"இன்னொருக்காப் பார்க்கச் சொல்லுங்கோ."

"அவ பார்த்திட்டா."

"விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ."

அன்ரி சுண்டுவிரலை விட்டுத் தடவிக் காட்டிவிட்டு அண்ணையிடம் ஏதோ சொன்னார். அண்ணை சிரித்தார். "உன்னைத்தான் அந்தப் பரீட்சைக்கு அனுப்பியிருக்க வேணுமாம்."

அதற்குப் பிறகு, கையைப் பின்னால் கட்டியபடியே ஒன்றொன்றாகக் கேட்டேன். கோது உள்ளே நின்றபோது போல்ட்டின் பிடி தூக்குவதற்குப் பாரமாக இருந்ததா? இல்லையாம், லேசாக வந்ததாம். பிறகு கோதை எப்படி எடுத்தீர்கள்? குழலின் வாய்ப்பக்கமாகத் துடைக்கும் கம்பியை விட்டுத் தள்ளினாராம்; தொட்டதும் பொத்தென்று விழுந்ததாம். அந்தக் கோது இருக்கிறதா? அன்ரியின் மேல்சட்டைப் பையில் இருந்தது. அதைத் தொட எனக்குப் பயம். அவர் வெளிச்சத்தில் பிடிக்க, நான் குனிந்து பார்த்தேன்.

பித்தளைக் கோதின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. போல்ட்டின் முகத்தில் விரல்நகம் அளவில் ஒரு கொளுக்கி இருக்கும். போல்ட்டை மூடும்போது கொளுக்கி அந்த விளிம்பின்மேல் ஏறிக் கவ்வ வேண்டும். இழுக்கும்போது கோதையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். கோது வீங்கி இறுகிக் குழலுக்குள் ஒட்டியிருந்தால், கொளுக்கி இழுத்த இழுப்பில் விளிம்பு பிய்ந்திருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. அதாவது கோது பிடிவாதம் பிடிக்கவில்லை. கொளுக்கிதான் அதைப் பிடிக்கவேயில்லை.

"வெற்றுக் கோதை உள்ளுக்கை வைச்சு மூடித் திறக்கச் சொல்லுங்கோ, அண்ணை."

அன்ரி வைத்து, மூடி, இழுத்தார். கோது துள்ளி வெளியே வந்து சீனிப் போத்தலில் பட்டு உருண்டது. திரும்பவும் செய்தார். திரும்பவும் துள்ளியது. ஒருமுறைகூடப் பிசகவில்லை.

"அப்ப கடைக்காரன் சொன்னது சரி," என்றார் அண்ணை. "பொம்பிளைக் கை எண்டு மொழிபெயர்க்கட்டே?"

"சும்மா இருங்கோ அண்ணை. அவ காட்டுக்கை எங்க இருந்து சுடுறவ?"

மரத்தில் கட்டின பரணில். விடியுமுன் ஏறி இருப்பாராம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்குமாம், துவக்கு மடியில் கிடக்குமாம். இங்கே சமையலறையில் அடுப்பு எரிகிறது. கடைக்காரனின் பட்டறையிலும் கட்டாயம் ஹீட்டர் இருந்திருக்கும். போல்ட்டை மட்டும் கழற்றி வெளியே யன்னல் விளிம்பில் வைக்கச் சொன்னேன். அன்ரி என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, அதை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோய் வைத்தார். நாங்கள் கோப்பி குடித்தோம். நான் குடித்தேன் என்று சொல்வதற்கில்லை. போல்ட் வெளியே கிடக்கிறது, யாராவது தெருவால் போகிறவன் பார்த்தால் என்ன செய்வது என்று யன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.

அன்ரி அதை உள்ளே எடுத்துவந்து துவக்கில் போட்டு, கோதை வைத்து மூடி இழுத்தார். போல்ட் மட்டும் வந்தது. கோது உள்ளேயே இருந்தது.

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு சட்டென்று சிரித்தார். பொம்பிளைக் கையில் பிழையில்லை என்று தெரிந்த சிரிப்பு அது.

போல்ட்டின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். கொளுக்கியின் அடியில், அது அசைகிற பள்ளம் முழுக்க, மெழுகுபோல் வெள்ளையாக ஏதோ இறுகியிருந்தது. கொளுக்கி பாதி எழும்பியபடி அதற்குள் சிக்கி நின்றது. அண்ணை மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். முகம் மாறியது. தலையைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

நானும் மணந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

பாண் மெசினைத் திருத்தியபோது, சாப்பாடு படுகிற இடம் என்று நான் அதற்குத் தேங்காய் எண்ணெய்தான் போட்டிருந்தேன். அன்ரிக்கு அந்த வாசம் பிடித்துப்போய்விட்டது. கோடைகாலத்தில் அண்ணை அவருக்கு ஒரு போத்தலே கொடுத்து, ஊரில் நாங்கள் தலைமுடியில் இருந்து சைக்கிள் செயின்வரை, தையல் மெசினில் இருந்து கதவுப் பிணைச்சல்வரை எல்லாவற்றுக்கும் இதைத்தான் பூசுகிறோம், இதைப்போல ஒன்று இல்லை என்று பிரசங்கம் செய்திருக்கிறார். அன்ரி அதை நம்பித் துவக்குக்கும் பூசியிருக்கிறார். ஊர் வெயிலில் அது சரி. இங்கே எங்கள் அறையில் விடிந்தால், உறைந்துபோன எண்ணெய்ப் போத்தலை ஹீட்டருக்குமேல் கவிழ்த்து வைக்காமல் யாராலும் எண்ணெய் வைத்துத் தலை இழுக்க முடியாது. மேலே இருந்த எங்கள் எல்லாருக்கும் இது தெரியும். போத்தலைச் சூடான சமையலறை அலுமாரியில் வைத்திருந்த அன்ரிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"உங்கட பிரசங்கம்தான் அண்ணை, பன்றியைப் பற்றைக்குள்ள ஓட விட்டது."

"கத்தாதை. அவவுக்கு விளங்கப்போகுது."

"டொச்சில சொல்லுங்கோவன்."

"நீ சொல்லு, பெரிய இஞ்சினியர்!"

கடைசியில் அவரே சொன்னார். அன்ரி ஒரு துணியால் அண்ணையின் தோளில் அடித்தார். கோபமில்லை. ஆனால் கொளுக்கியைக் கழற்றினால்தான் பள்ளத்தைத் துடைக்கலாம். அதன் பின்னால் ஒரு சின்னச் சுருள்கம்பி இருந்தது. அதை அமத்திப் பிடித்துக்கொண்டு கொளுக்கியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அன்ரியின் விரல் மூட்டுகள் குளிருக்கு வீங்கியிருந்தன. முயன்றார், வழுக்கியது. திரும்பவும் வழுக்கியது. அண்ணை முயன்றார், ஊசிபோன்ற சுருள்கம்பி சுண்டி நிலத்தில் விழ, எல்லாரும் குனிந்து தேடிக் கண்டுபிடித்த பிறகு அவரே அதைத் திரும்பச் செருகினார்.

அன்ரி என்னைப் பார்த்தார். போல்ட்டை என் பக்கமாகத் தள்ளினார்.

"அண்ணை, கொளுக்கி துவக்கோ இல்லையோ?"

"என்ன கேள்வியடா இது?"

"துவக்கில இருந்து கழண்டால் அது துவக்கோ, இல்லாட்டிச் சும்மா இரும்போ? நாளைக்குக் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"கதவுக் கொளுக்கியைப்போல ஒரு கொளுக்கி எண்டு சொல்லு."

துவக்கைக் கொண்டுபோய் அடுத்த அறையில் பூட்டச் சொன்னேன். அன்ரி பூட்டிவிட்டு வந்தார். மேசையில் போல்ட் மட்டும். நான் கையை முன்னால் கொண்டுவந்தேன். அது என் கை இல்லை என்பதுபோல இருந்தது. சுருள்கம்பியை ஸ்குரூ டிரைவர் நுனியால் அமத்தி, கொளுக்கியைக் கழற்றினேன். பழைய பல்துலக்கியைப் பென்சீனில் நனைத்துப் பள்ளத்தைத் தேய்த்தேன். வெள்ளை கரைந்து வந்தது. வேலை தொடங்கியதும் பயம் கொஞ்சம் தள்ளி நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பின்கதவு திறந்தது.

அந்த ஊருக்குப் பொறுப்பான பொலிஸ்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வழக்கமாக முன்கதவால்தான் வருவார். அன்று சப்பாத்தெல்லாம் சேறு என்று பின்னால் வந்திருக்கிறார். உருண்டையான, சத்தமில்லாமல் நடக்கிற மனிதர். மேசையைப் பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார். என் விரல்களுக்கிடையில் இருந்த கொளுக்கியைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லம், எல்லாம் நல்லம்," என்று அண்ணை டொச்சில் மளமளவென்று சொல்லத் தொடங்கினார். யாரும் எதுவும் கேட்காமலே சொல்கிற நல்லத்தை எந்தப் பொலிஸ் நம்பும்?

அன்ரி நீளமாக ஏதோ விளக்கினார். பொலிஸ்காரர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என்னிடம் கையை நீட்டினார். என் தற்காலிக அனுமதித் தாளை எடுத்துக் கொடுத்தேன்; அதில் பென்சீன் விரல் பட்டு ஒரு கறை விழுந்தது. படித்தார். படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். திருப்பித் தந்தார். பிறகு சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய் இருந்து சூப் கேட்டார். அவ்வளவுதான்.

கொளுக்கியைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். சரியான எண்ணெயை ஒரு சொட்டு மட்டும் விட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்தோம். யன்னலில் வைத்து எடுத்துப் பார்த்தபோது கோது ஒழுங்காகத் துள்ளியது. சனிக்கிழமை அன்ரி ஒரு மானோடு வந்தார்; எங்களுக்கும் ஒரு தொடை அனுப்பினார். அண்ணை அதைத் தூள் போட்டுக் கறி வைத்தார். என் பங்கையும் அவரே சாப்பிட்டார்.

அந்தப் பொலிஸ்காரர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லாததுதான் என்னைத் தின்றது. அறிவித்திருப்பாரா? அறிவித்திருந்தால் அது விசாரணை அலுவலகத்துக்குப் போய்ச் சேர எத்தனை நாள் எடுக்கும்? அவர் சாப்பிட வரும் நேரம் நான் மேல்படியில் இருந்து அவருடைய தொப்பியைப் பார்ப்பேன். தொப்பி மேசையில் எந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதில்கூட ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று யோசிப்பேன்.

"அந்தாள் மறந்துபோயிருப்பான்," என்பார் அண்ணை. "நீ மட்டும்தான் அந்தக் கொளுக்கியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கிறாய்."

டெர்மின் நாள் வந்தது. விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள மனிதர். மொழிபெயர்க்க வந்தது இந்தியாவில் இருந்து படிக்க வந்திருந்த ஒரு மாணவர். நல்ல பிள்ளை. என் தமிழ் அவருக்குப் பாதி விளங்கவில்லை. அவருடைய தமிழ் எனக்குச் சினிமாபோல இருந்தது. கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. கோயில், லொறி, காய்ப்பு, ஓடிய மாதம். குழம்பினேன், திருத்தினேன், திரும்பவும் குழம்பினேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"உங்க ஊர்ல எந்த இயக்கத்துலயாவது இருந்தீங்களா, ஆயுதம் ஏதாவது கையில எடுத்திருக்கீங்களானு கேக்கறார் சார்."

"இல்லை," என்றேன். "ஊரில இல்லை."

"ஊர்லனுதான் கேட்டார்."

அதோடு அந்தக் கேள்வி முடிந்துபோனது. அதிகாரி அடுத்ததுக்குத் தாண்டினார். என் காது மட்டும் பின்னாலேயே நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்ததும் தட்டச்சடித்ததை எனக்குத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். சரியென்றால் கையெழுத்து. என் வாழ்க்கை வேறு யாருடையதோபோல ஓடியது. ஆயுதம் தொட்ட இடம் வந்தது. "விண்ணப்பதாரர் இல்லை என்கிறார்." ஒற்றை இல்லை. கிராமத்துப் பொலிஸ்காரர் எழுதி அனுப்பிய தாள் எங்காவது ஒரு மேசையில் கிடந்தால், இந்த இல்லைக்கு என்ன பெயர் வைப்பார்கள்? பொய் என்றுதானே?

"தம்பி, அதில ஒண்டு சேர்க்க வேணும்."

"என்ன சார்?"

சொன்னேன். அன்ரி, துவக்கு, யன்னல், கொளுக்கி, பொலிஸ்காரர். அந்த மாணவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், டென்ஷன் ஆகாதீங்க. அவர் ஸ்ரீலங்காவைப் பத்தித்தான் கேக்கறார். இது தேவையே இல்ல. வாய விட்டு மாட்டிக்காதீங்க, ப்ளீஸ்."

"இல்லை, சொல்லுங்கோ. விட்டால் எனக்கு நித்திரை வராது."

"சொன்னா மட்டும் வருமா?"

அதிகாரி எங்களைப் பார்த்து என்ன என்று கேட்டார். மாணவர் பெருமூச்சு விட்டுச் சொல்லத் தொடங்கினார். கொளுக்கி வரும்போது விரலை மடக்கிக் காட்டினார். தேங்காய் எண்ணெய் வரும்போது அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மூக்கின் மேட்டைத் தேய்த்தார். இது அவசியமா என்று என்னைக் கேட்டார்.

"ஓம்," என்றேன். மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

தாளை மெசினில் திரும்பச் செருகினார்கள். அடித்ததை மாணவர் வாசித்துக் காட்டினார். குரலில் கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "விண்ணப்பதாரர், ஜெர்மனியில் வீட்டுக்கார அம்மையாரின் வேட்டைத் துப்பாக்கியின் ஒரு சிறு பாகத்தைச் சுத்தம் செய்ததாகவும், அது தேங்காய் எண்ணெயால் இறுகியிருந்ததாகவும் கூறுகிறார். சுடவில்லை என்கிறார்."

"துவக்கு பக்கத்து அறையில பூட்டியிருந்தது எண்டதையும் போடச் சொல்லுங்கோ."

"சார், கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

நிறையப் பேருக்கு வந்ததுபோல எனக்கும் நிராகரிப்புத்தான் வந்தது. நாட்டின் வேறு பகுதியில் போய்ப் பாதுகாப்பாக இருக்கலாமே என்று எழுதியிருந்தார்கள். நான் அன்றைக்குக் குழம்பிய மாதங்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்திருந்தார்கள். கொளுக்கியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம்பாமல் அண்ணையைக் கொண்டு வாசிப்பித்தேன், பிறகு வழக்கு எழுத எடுத்த வழக்கறிஞரைக் கொண்டும் வாசிப்பித்தேன்.

"இல்லை எண்டால் நல்லதுதானே," என்றார் அண்ணை.

நல்லதுதான். ஆனால் அவர்கள் ஏன் அதை எழுதாமல் விட்டார்கள் என்று யோசித்தபடி, அப்பீல் தாளில் கையெழுத்து வைக்கப் பஸ் ஏறினேன்.